ஆற்றைத் தொட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு மேலே வர முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த அமெரிக்கப் பயணக் கட்டுரையைப் படித்தேன். அரிசோனாவின் பெரும் பள்ளத்தாக்கான கிராண்ட் கேன்யனின் நிறங்களைப் பற்றி எழுதியவர் நன்றாகவே எழுதியிருக்கிறார்; அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் ஓரத்தில் ஒரு கட்டம் கட்டி, காலையில் இறங்கி கொலராடோ ஆற்றைத் தொட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு மேலே வந்துவிடலாம், ஏழு மைல்தானே என்கிற பொருளில் ஒரு யோசனை போட்டிருந்தீர்கள். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் இருப்பது வடக்கு அரிசோனாவில், ஃபிளாக்ஸ்டாஃபில். இங்கிருந்து கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பு ஏறக்குறைய 80 மைல். ஒரு கட்டுமான அலுவலகத்தில் நிலப்படம் வரைவது என் வேலை. பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வருகிற அப்பா அம்மாக்கள், மாமனார் மாமியார், படிக்க வந்த பையன்கள் என்று யாராவது எங்கள் வீட்டில் தங்கிக்கொண்டே இருப்பார்கள். அவர்களில் பலர் இப்படி ஒரு பத்திரிகைத் துண்டையோ போனில் ஒரு படத்தையோ காட்டி, இங்கே போகலாமா என்று கேட்பார்கள். போகலாம். ஆனால் அதற்கு முந்தின நாள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

முதலில் அந்த ஏழு மைலைப் பார்ப்போம். தெற்கு விளிம்பிலிருந்து ஆற்றுக்கு இறங்கும் சவுத் கைபாப் பாதை தொடங்கும் இடம் கடல் மட்டத்திலிருந்து 7,260 அடி. கீழே ஆறு சுமார் 2,480 அடி. ஆக, ஏழு மைலுக்குள் 4,780 அடி இறங்குகிறீர்கள். மலையேறப் போகிறவருக்கு ஒரு வசதி உண்டு: முடியாமல் போனால் திரும்பி இறங்கிவிடலாம், இறக்கம் சுலபம். இங்கே எல்லாம் தலைகீழ். காலைக் குளிரில், புதுக்காலோடு, சிரித்துப் பேசிக்கொண்டே இறங்கிவிடுவீர்கள். கால் வலிக்கத் தொடங்கும்போதுதான் ஏற்றம் தொடங்கும், வெயிலும் தொடங்கும். உள்ளே போகப் போகச் சூடு கூடும். விளிம்பில் இதமாக இருக்கிற ஜூன் மாத நாளில், ஆற்றங்கரையில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். ஒரே நாளில் ஆறு வரை போய்த் திரும்ப முயல வேண்டாம் என்று பூங்கா நிர்வாகமே பாதை தொடங்கும் இடத்தில் பலகை வைத்திருக்கிறது. அந்தப் பலகையின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு கீழே போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் எங்கே போகலாம்? அதே சவுத் கைபாப் பாதையில் சீடர் ரிட்ஜ் என்ற இடம் வரை போய்த் திரும்பினால் 3 மைல், 1,120 அடி இறக்கம். அதற்கும் கீழே ஸ்கெலிட்டன் பாயின்ட், போகவர 6 மைல், 2,040 அடி. ஆறு அங்கிருந்து கண்ணுக்குத் தெரியும். பெரும்பாலானவர்களுக்கு அதுவே ஒரு முழு நாள் வேலை. இங்கே எல்லோரும் வைத்துக்கொள்ளும் கணக்கு, இறங்க ஒரு பங்கு நேரம் என்றால் ஏற இரண்டு பங்கு என்பது. அக்டோபரில் ஒரு நாள் என்று வையுங்கள். ஏழரைக்கு இறங்கத் தொடங்கினால் ஒன்பது மணிக்கு ஸ்கெலிட்டன் பாயின்ட். அரை மணி உட்கார்ந்து சாப்பிட்டு, ஒன்பதரைக்குக் கிளம்பினால் பன்னிரண்டரைக்கு மேலே வரலாம். இதில் முக்கியமான எண் பன்னிரண்டரை இல்லை, ஒன்பது. ஒன்பது மணிக்கு எங்கே நிற்கிறீர்களோ அதுதான் அன்றைய கடைசி இடம். ஸ்கெலிட்டன் பாயின்ட் அடுத்த திருப்பத்திலேயே இருந்தாலும் சரி. இந்த நேரத்தைப் படத்தில் பென்சிலால் எழுதிவிட வேண்டும். மனதில் மட்டும் வைத்திருந்தால் கூட வருகிறவர் பேச்சில் அது கரைந்துவிடும்.

கோடையில் இந்தக் கணக்கு செல்லாது. காலை பத்து மணியிலிருந்து மாலை நான்கு வரை ஏற்றத்தில் இருக்காதீர்கள் என்பதுதான் அங்கே பூங்காக் காவலர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது. அப்போது சீடர் ரிட்ஜோடு நிறுத்திக்கொள்வதே நல்லது, அதுவும் விடியும்போதே இறங்கினால். சவுத் கைபாப் தொடங்கும் இடத்துக்குச் சொந்தக் காரில் போக முடியாது, பூங்காவின் இலவசப் பேருந்தில்தான் போக வேண்டும். விடியற்காலையில் நடைபயணிகளுக்கென்றே தனி வண்டி உண்டு. இதைக் கட்டுரையாளர் சொல்லவே இல்லை. வாடகைக் காரில் போனவர் அந்த விலக்குச் சாலையின் முனையில் வண்டியைத் திருப்பிக்கொண்டு நிற்கும்போது அரை மணி போய்விடும், வெயிலும் ஏறிவிடும்.

தண்ணீர். சவுத் கைபாபில் கிளம்பும் இடத்தில் பாட்டில்களை நிரப்பிக்கொண்டால் அதற்கப்புறம் ஆறு வரை துளி கிடையாது. அதே விளிம்பிலிருந்து இறங்கும் இன்னொரு பாதையான பிரைட் ஏஞ்சலில் ஒன்றரை மைலிலும் மூன்று மைலிலும் ஓய்விடங்கள், அதற்குக் கீழே ஹவசுபாய் கார்டன்ஸ், மூன்று இடத்திலும் குழாய் உண்டு. ஆனால் மேலே இரண்டு குழாய்களைக் குளிர்காலத்தில் நிறுத்திவிடுவார்கள். அந்தப் பள்ளத்தாக்கைக் குறுக்காகக் கடந்து தண்ணீர் கொண்டுவருகிற குழாய் 1960களில் போட்டது, அடிக்கடி உடையும். படத்தில் நீலப் புள்ளி இருப்பதால் குழாயில் தண்ணீர் வரும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கிளம்பும் நாள் காலையில் எந்தக் குழாய் ஓடுகிறது என்று விசாரித்துப் படத்தில் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீரோடு உப்புப் போட்ட தீனியும் வேண்டும். வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடித்து, உடம்பில் உப்பு இறங்கி மயங்கி விழுகிறவர்களும் அங்கே உண்டு.

இனி என் துறைக்கு வருகிறேன். கொஞ்சம் நீண்டாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்க நிலவியல் அளவைத் துறை, அலாஸ்கா நீங்கலாக நாடு முழுவதுக்கும் 1:24,000 அளவில் உயரக்கோட்டுப் படங்கள் (ஒரே உயரத்தில் இருக்கிற இடங்களைக் கோட்டால் இணைத்துக் காட்டும் படங்கள்) வெளியிட்டிருக்கிறது. இணையத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். தாளில் ஓர் அங்குலம் என்பது தரையில் 2,000 அடி. நான் எனக்கு வேண்டிய பகுதியை அச்சடித்து, பக்கத்துத் தாளோடு டேப் போட்டு ஒட்டி, மேசையில் விரித்துக்கொள்வேன். அப்புறம் ஒரு தையல் நூல். நூலின் ஒரு முனையைக் காரை நிறுத்தும் இடத்தில் விரலால் அழுத்திப் பிடித்து, பாதை வளையும் வழியெல்லாம் நூலையும் வளைத்து வளைத்து வைத்துக்கொண்டே போக வேண்டும். போய்ச் சேரும் இடத்தில் நூலில் பேனாவால் ஒரு புள்ளி. பிறகு நூலை நேராக இழுத்து, படத்தின் அடியில் இருக்கும் அளவுகோல் பட்டையில் வைத்துப் பார்த்தால் மைல் கிடைக்கும். அடுக்கடுக்காகத் திரும்புகிற இடங்களில் எல்லாத் திருப்பத்தையும் படத்தில் வரைய இடம் இருக்காது, அதனால் வருகிற எண்ணோடு கொஞ்சம் கூட்டிக்கொள்வேன். கால்டோப்போ போன்ற செயலிகள் இதை ஒரு நொடியில் செய்துவிடும், மறுக்கவில்லை. ஆனால் நூலை வைக்கும்போது ஒவ்வொரு உயரக்கோட்டையும் விரல் தாண்டிப் போகிறது. அடுத்த நாள் அங்கே நிற்கும்போது, இதற்கப்புறம் இடது பக்கம் ஒரு பள்ளம் வந்து சேர வேண்டுமே என்று தானாகவே நினைவு வரும்.

உயரக்கோடுகளை நான் இப்படித்தான் பார்ப்பேன். பெரும்பாலான தாள்களில் கோட்டுக்குக் கோடு 40 அடி. ஐந்தாவது கோடு தடிமனாக இருக்கும், ஆக தடிக்கோட்டுக்குத் தடிக்கோடு 200 அடி. கோடுகள் விலகி விலகி இருந்தால் நடக்கலாம். நெருங்கினால் மூச்சு வாங்கும். ஒன்றோடொன்று ஒட்டிப் பழுப்பு நிறத்தில் திட்டாகத் தெரிந்தால் அது செங்குத்துப் பாறை, வழி கிடையாது. இந்தப் பகுதியில் பாறை அடுக்குகளின் பெயர் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. வடக்கே பக்கத்து மாநிலமான யூட்டாவில் விங்கேட் மணற்கல் வருகிற இடமெல்லாம் சுவர். எங்காவது சரிந்து விழுந்து வழி விட்ட சில இடங்களைத் தவிர இறங்க முடியாது. அதன் மேலே உள்ள கயென்ட்டா படிப்படியாகப் போகும், கீழே உள்ள சின்லி சரிவாக இருக்கும். கிராண்ட் கேன்யனில் அந்தச் சுவர் வேலையை ரெட்வால் சுண்ணாம்புக்கல் செய்கிறது. ஸ்கெலிட்டன் பாயின்ட் அதன் தலைமேல்தான் இருக்கிறது. அங்கே நின்றுவிடச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்: அதற்கு அடுத்த அடியில் பாதை அந்தச் சுவரில் வளைந்து வளைந்து விழத் தொடங்குகிறது.

ஒன்று மட்டும் படம் காட்டாது. 40 அடி இடைவெளியில் கோடு போட்டால், இரண்டு கோட்டுக்கு நடுவே 30 அடிப் பள்ளம் சத்தமில்லாமல் ஒளிந்துகொள்ளும். காய்ந்த ஓடையில் சுகமாக நடந்துகொண்டே வருவீர்கள், திடீரென்று தரை முடிந்துவிடும். மழை வந்தால் அருவி, மற்ற நாளில் வெறும் பாறை உதடு. இறங்க முடியாது என்று திரும்பி வந்து மேலே ஏறிச் சுற்றினால் ஒரு மணி நேரம் காணாமல் போகும். அதனால் பாதையில்லாத ஓடைகளில் படம் என்ன சொன்னாலும் போன வழியே திரும்ப நேரம் ஒதுக்கிவிட்டுத்தான் போவேன்.

இந்த நிலத்தைப் படமாக்கியது ஒன்றும் லேசான காரியமில்லை. கிராண்ட் கேன்யனின் முதல் தரமான உயரக்கோட்டுப் படத்துக்கான வேலையை 1902இல் பிரான்சுவா மத்தேஸ் தொடங்கினார், விளிம்பில் நிலப்படம் வரையும் மேசைப்பலகையை நிறுத்தி, எதிர்ச்சுவரைப் பார்த்துப் பார்த்து. அந்த ஆளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பொறாமைதான்.

அப்புறம், போனில் தெரிகிற நீலப் புள்ளி. இடுக்கான பள்ளத்தாக்குக்குள் வானம் ஒரு கோடாகத்தான் தெரியும். செயற்கைக்கோள் சமிக்ஞை சுவரில் மோதிச் சிதறி வரும். நீங்கள் ஒரே இடத்தில் நின்றாலும் புள்ளி அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் தாவும். மற்றவர்கள் பதிவேற்றிய நடைத்தடங்களில் மைல் கணக்கு கூடிக் குறைந்து இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். தடம் இருக்கிறது என்பதற்காக அந்த வழியில் நடக்கலாம் என்றும் இல்லை, அவர் கயிறு கட்டி இறங்கியிருக்கலாம். இன்னொன்று, பழைய தாள்களை வைத்திருப்பவர்கள், இடங்களின் ஆயத்தொலைவை எந்த ஆண்டின் அடிப்படையில் கணக்கிட்டது என்று அடியில் பாருங்கள். 1927 அடிப்படையில் வரைந்த தாளுக்கும் இன்றைய ஜிபிஎஸ்ஸுக்கும் இந்தப் பக்கத்தில் 200 மீட்டர் வரை வித்தியாசம் வரலாம். சமவெளியில் 200 மீட்டர் ஒன்றுமில்லை. இங்கே அது பக்கத்துப் பள்ளத்தாக்கு.

வெள்ளத்தைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. அதுதான் எனக்கு மிகவும் வருத்தம், ஏனென்றால் ஆன்டலோப் கேன்யன் என்ற இடுக்குப் பள்ளத்தாக்கின் படத்தை அரைப் பக்கத்துக்குப் போட்டிருந்தீர்கள். 1997 ஆகஸ்ட் 12 அன்று அதே ஆன்டலோப்பின் கீழ்ப்பகுதியில் வெள்ளம் வந்து 11 பேர் இறந்தார்கள். மழை பெய்தது அங்கே இல்லை, மைல் கணக்கில் தள்ளி, மேலே. 2015 செப்டம்பர் 14 அன்று யூட்டாவில் ஸயன் பூங்காவின் கீஹோல் கேன்யனில் 7 பேர். ஜூலை முதல் செப்டம்பர் வரை மதியத்துக்கு மேல் இடிமழை வருகிற காலம். மொட்டைப் பாறையில் பெய்கிற மழை ஊறுவதில்லை, மொத்தமும் ஓடிவந்து அந்த இடுக்கில்தான் இறங்க வேண்டும்.

ஆகவே இடுக்குப் பள்ளத்தாக்குக்குப் போகும்போது பாதையை மட்டும் வரைந்தால் போதாது, அதற்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் வரைய வேண்டும். பள்ளத்தாக்கின் வாயில் பென்சிலை வையுங்கள். அங்கிருந்து ஒரு பக்கத்து முகட்டில் ஏறி, உயரக்கோடுகளைக் குறுக்காக வெட்டிக்கொண்டே முகட்டின் முதுகிலேயே போய்க்கொண்டிருங்கள். தண்ணீர் இந்தப் பக்கம் விழுமா அந்தப் பக்கம் விழுமா என்று ஒவ்வொரு இடத்திலும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஓடைகளில் கோடுகள் வளைந்து கூராகும் முனை மேல்நோக்கியும், முகடுகளில் கீழ்நோக்கியும் இருக்கும், அதை வைத்துப் பிடித்துவிடலாம். மற்றப் பக்கத்து முகட்டிலும் இப்படியே போனால் இரண்டு கோடும் மேலே எங்கோ சந்திக்கும். சில நேரம் நீங்கள் ஒட்டிய தாளுக்கு வெளியே போய்விடும். உதாரணத்துக்கு, அரிசோனா எல்லையில் இடுக்குக்குள் ஓடும் பாரியா ஆற்றுக்கு, யூட்டாவில் தொலைவில் இருக்கிற பிரைஸ் கேன்யன் பக்கத்திலிருந்தே தண்ணீர் வருகிறது. அந்தக் கோட்டுக்குள் இருக்கிற எந்த ஊரில் மேகம் இருந்தாலும் அது உங்கள் மேகம்தான். தலைக்கு மேலே நீல வானம் இருந்தால் என்ன? ஸயன் பகுதிக்கு வானிலைத் துறை தினமும் வெள்ள வாய்ப்பை நான்கு நிலைகளாகச் சொல்கிறது. அதைக் காலையில் பார்க்காமல் அறையை விட்டுக் கிளம்பக் கூடாது. ஸயனில் நேரோஸ் என்ற ஆற்று நடைக்கு, நீரோட்டம் நொடிக்கு 150 கன அடியைத் தாண்டினால் பூங்கா நிர்வாகமே அடைத்துவிடும்.

கடிகாரம் இன்னொரு வேடிக்கை. அரிசோனா கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. பக்கத்து யூட்டா மாற்றும். அரிசோனாவுக்குள்ளேயே இருக்கிற நவஹோ பழங்குடியினரின் நிலம் மாற்றும், அதற்குள் இருக்கிற ஹோப்பி பழங்குடியினரின் நிலம் மாற்றாது. ஆன்டலோப்புக்குப் பக்கத்தில் இருக்கிற பேஜ் ஊரில் நின்றால் போன் எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும். ஆன்டலோப்புக்கு நவஹோ வழிகாட்டியோடுதான் போக முடியும், அங்கே சொல்லும் நேரம் அரிசோனா நேரம். நேரம் குழம்பிக் கட்டிய பணத்தை இழந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். போனில் நேரத்தைத் தானாக மாற்றும் வசதியை நிறுத்திவிட்டு, கையில் சாதாரணக் கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள். தேசியப் பூங்கா ஆண்டுச் சீட்டும் நவஹோ நிலத்தில் செல்லாது.

அனுமதிச் சீட்டுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிராண்ட் கேன்யனில் பகல் நடைக்கு அனுமதி வேண்டாம். ஸயனில் ஏஞ்சல்ஸ் லேண்டிங் என்ற பாறை முகட்டுக்கு 2022 ஏப்ரலிலிருந்து குலுக்கல். அரிசோனா எல்லையில் வேவ் என்ற பாறைக்கு நாளொன்றுக்கு 64 பேர்தான், அதுவும் குலுக்கல். கட்டுரையில் அதைப் போகிற வழியில் பார்த்துவிட்டுப் போகிற இடம் போல எழுதியிருந்தார்கள். அங்கே பாதையே கிடையாது. அனுமதி கிடைத்தவர்களுக்கு எந்தக் குன்றைப் பார்த்து நடக்க வேண்டும் என்று படங்களோடு ஒரு தாள் தருவார்கள்.

தூரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தெற்கு விளிம்பிலிருந்து வடக்கு விளிம்பு வான்வழியே சராசரி 10 மைல், காரில் 215 மைல். இரண்டையும் ஒரே பகலில் போட்டிருக்கிறார் கட்டுரையாளர். யூட்டாவில் எஸ்கலான்டே ஊர்ப் பக்கத்தில் ஸ்பூக்கி, பீக்-அ-பூ என்று இரண்டு இடுக்குகள் இருக்கின்றன. ஸ்பூக்கியில் உடம்பை ஒருக்களித்துப் பையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு போக வேண்டும். அங்கே போக ஹோல்-இன்-த-ராக் சாலையில் 26 மைல் மண்ணில் உதறிக்கொண்டு ஓட்ட வேண்டும். மழை பெய்தால் அந்தக் களிமண்ணில் சக்கரம் நகராது. வாடகைக் கார் ஒப்பந்தங்கள் பலவற்றில் மண் சாலையே கூடாது என்று இருக்கும், படித்துப் பாருங்கள். நடையின் நேரத்தோடு இந்தச் சாலையின் நேரத்தையும் அதே தாளில் எழுத வேண்டும். அந்தத் தாளின் ஒரு பிரதி வீட்டில் இருப்பவர் கையில் இருக்கட்டும்: கார் எங்கே நிற்கும், எத்தனை பேர், எந்த மணிக்குள் தகவல் வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும். பூங்காவுக்கு வெளியே யூட்டாவில் தேடி மீட்கும் பொறுப்பு அந்தந்த மாவட்ட ஷெரிஃபுடையது. பள்ளத்தாக்குக்குள் போன் எடுக்காது.

நடக்கும்போது கறுப்பாகப் புடைத்துக்கொண்டு நிற்கிற மண்ணை மிதிக்காதீர்கள், அது உயிருள்ள மண். ஒருமுறை நொறுங்கினால் மீள வெகுகாலம் ஆகும். ஓடை மணலிலோ பாறையிலோ கால் வையுங்கள். பழங்குடியினரின் பாறை ஓவியங்களைப் பார்த்தால், இருக்கும் இடத்தைத் துல்லியமாக இணையத்தில் போட வேண்டாம்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். இனி இப்படி ஒரு கட்டம் போடும்போது மைலோடு சேர்த்து இறக்கம் எத்தனை அடி, தண்ணீர் எங்கே, எந்த மணிக்குத் திரும்ப வேண்டும் என்பதையும் போடுங்கள். ஸ்கெலிட்டன் பாயின்ட் வரைக்குமான ஒரு படத்தை நானே தமிழில் பெயர் எழுதி வரைந்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன், கட்டணம் எதுவும் வேண்டாம். உங்கள் பத்தி அகலத்துக்கு அதைச் சிறிதாக்கத்தான் வேண்டியிருக்கும். அப்போது கீழே இருக்கும் அளவுகோல் பட்டையையும் படத்தோடு சேர்த்தே சுருக்குங்கள், 1:24,000 என்ற எண்ணை மட்டும் எடுத்துவிடுங்கள். சுருக்கிய படத்தில் அந்த எண் பொய், பட்டை மெய்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
ஃபிளாக்ஸ்டாஃப், அரிசோனா